விசிறி நின்றால்

பட்டர்வொர்த்,
ஞாயிறு இரவு

அன்புள்ள நண்பா,

உன் மகன் எடுக்கப்போகிற விண்வெளிப் படத்துக்கு எழுதி அனுப்பிய கதை வசனத்தை இரண்டு தடவை படித்துவிட்டேன். போனில் சொன்னால் நீ குறுக்கே குறுக்கே பேசுவாய், அதனால்தான் கடிதம். இங்கே எல்லோரும் நலம். முழங்கால் மட்டும் ஒத்துழைப்பதில்லை. இந்தத் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக் கோயிலைக் கீழே நின்றே கும்பிட்டுவிட்டு வந்தேன்.

சரி, படத்துக்கு வருகிறேன். பிரிக்பீல்ட்ஸ் கடைவீட்டு மாடியில் விண்கலம் கட்டப் போகிறான், கையிலிருப்பது 20,000 ரிங்கிட். அதில் பாதி, ஆள் மிதக்கிற காட்சிக்கும் கலம் வெடிக்கிற காட்சிக்கும் என்கிறான். அங்கேதான் எனக்கு உறுத்துகிறது. கயிறு கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் தொங்குகிறவன் இடுப்பு காட்டிக்கொடுத்துவிடும். இருக்கையில் வாரால் கட்டி, மார்புக்கு மேலே மட்டும் எடுக்கச் சொல்.

2009-ல் வந்த ‘மூன்’ பார்த்திருக்கிறாயா? 50 லட்சம் டாலரில் முடித்த படம். ஹாலிவுட்டுக்கு அது சில்லறை. நிலாவில் ஓடுகிற வண்டிகளுக்குச் சின்னச் சின்ன மாடல்கள் செய்துதான் எடுத்தார்கள். நிலையத்துக்குள் கதாநாயகன் பூமியில் நடப்பது போலவே நடக்கிறான். நிலாவில் எடை ஆறில் ஒரு பங்குதானே, தப்புதான். ஆனால் மூன்று வருட ஒப்பந்தத்தில் தனியாகக் கிடக்கிற தொழிலாளியின் சலிப்பு அச்சு அசலாக இருந்தது. நானும் ஷிப்டு பார்த்தவன், அந்தத் தப்பை விட்டுவிட்டேன்.

2013-ல் வந்த ‘யூரோப்பா ரிப்போர்ட்’டும் சிக்கனமான படம்தான். கலத்துக்கு வெளியே பழுது பார்க்கப் போனவன் உடையில் ஹைட்ரசீன் என்கிற ராக்கெட் எரிபொருள் பட்டுவிடுகிறது. அப்படியே உள்ளே வந்தால் எல்லோருக்கும் விஷம். இந்தக் காட்சியில் பூதமும் இல்லை, வெடியும் இல்லை. எனக்கு வயிறு கலங்கிவிட்டது. ஐஸ் பேக்டரியில் அமோனியா கசிந்த அன்று நாங்கள் ஈரத்துண்டை முகத்தில் அழுத்திக்கொண்டு ஓடியது உனக்குத் தெரியுமே. 2001 பிப்ரவரியில் நிஜ விண்வெளி நிலையத்திலும் குளிரூட்டும் குழாய் மாட்டும்போது இதே அமோனியா கசிந்து, ராபர்ட் கர்பீம் என்பவரின் உடையில் பனியாகப் படிந்தது. வெயிலில் காத்திருக்க வைத்து, அது ஆவியாகிப் போன பிறகுதான் உள்ளே விட்டார்கள்.

இப்போது முக்கியமான விஷயம். கலத்துக்குள் ‘ஆழ்ந்த மௌனம்’ என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறான். மூன்றையும் அடிக்கச் சொல். எடையில்லாத இடத்தில் சூடான காற்று மேலே போகாது. விசிறி ஓடாவிட்டால், தூங்குகிறவன் விட்ட மூச்சு அவன் முகத்தைச் சுற்றியே தேங்கிவிடும். அதனால் அங்கே விசிறிச் சத்தம் ஓய்வதே இல்லை. நைட் ஷிப்டில் கம்ப்ரசர் உறுமுகிற வரைக்கும் நான் நாற்காலியிலேயே நன்றாகத் தூங்குவேன். அது நின்ற அடுத்த நொடி எழுந்து நிற்பேன், யாரும் எழுப்ப வேண்டியதில்லை. முதல் காட்சியிலிருந்தே அந்த இரைச்சலைப் போடட்டும். பார்க்கிறவன் அதை மறந்துபோன பிறகு, சட்டென்று நிறுத்தட்டும். வெடிக்கு வைத்த காசு மிச்சம்.

அப்புறம், செவ்வாய்க்குப் பக்கத்திலிருந்து கேப்டன் பூமியிலிருக்கிற தன் அம்மாவோடு சளசளவென்று பேசுகிறார். ஒரு வார்த்தை போய்ச் சேரவே 3 முதல் 22 நிமிடம் ஆகும். அம்மாவின் பதில் தாமதமாக வரட்டும், அதற்குள் இங்கே ஏதாவது நடந்து முடியட்டும். இதற்கும் ஒரு காசு செலவில்லை.

கலத்தையும் கல்யாண மண்டபம் மாதிரி எழுதியிருக்கிறான். 2007 அக்டோபரில் நம் மலேசியாவின் முதல் விண்வெளி வீரர் ஷேக் முஸாபார் ரஷ்யாவின் சோயுஸ் கலத்தில் போனபோது, கோப்பிக் கடை டிவியில் பார்த்துவிட்டு நீ என்ன சொன்னாய்? மூன்று பேர் முழங்காலை மடக்கிக்கொண்டு கிடந்ததைப் பார்த்து, “இதுக்குக் கேஎல் மினி பஸ்ஸே தேவலாம்டா” என்றாய். அந்த மாடியில் ஒரு மூலையே போதும் அவனுக்கு.

என் ஸ்டோரில் பழைய பிரஷர் கேஜ் நாலும் ஒரு ஸ்டார்ட்டர் பெட்டியும் கிடக்கின்றன. அடுத்த சனிக்கிழமை அவனைக் கூட்டிக்கொண்டு ரயிலில் வா. வாடகை எல்லாம் வேண்டாம். ஆனால் பளபளப்பாக இருக்கட்டும் என்று பெயிண்ட் அடித்தானென்றால் திருப்பி வாங்கிக்கொள்வேன், இப்போதே சொல்லிவை.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக் கூட்டாளி