'வரலாற்றில் இன்று' வாசிக்கும் பள்ளிகளுக்கு ஒரு திறந்த மடல்

புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம் பகுதிப் பள்ளிகளில் காலை வழிபாட்டுக் கூட்டத்தைப் பொறுப்பேற்று நடத்தும் ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம்.

தமிழ்த்தாய் வாழ்த்து, உறுதிமொழி, திருக்குறள், செய்திச் சுருக்கம் என நடைபெறும் காலை வழிபாட்டில் 'வரலாற்றில் இன்று' என்ற பகுதிக்குக் கிடைப்பது இரண்டு மூன்று நிமிடங்கள்தான். அந்தச் சில நிமிடங்களைப் பற்றித்தான் இந்த மடல். ஆறாம் வகுப்புப் பிள்ளையும் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளையும் ஒரே வரிசை ஒழுங்கில் நின்று, தேர்வுக்கு வராது என்று தெரிந்தும் கேட்கிற வரலாறு அது ஒன்றுதான் என்பதால், அதில் எதைச் சொல்கிறோம், எதை விட்டுவிடுகிறோம் என்பது மிகவும் முக்கியம் என்று கருதுகிறேன்.

ஜூலை 30ஆம் நாள் வாசிப்பதற்காக என் மகள் கைப்பேசியைப் பார்த்து, கட்டுரை நோட்டின் கடைசித் தாளைக் கிழித்து எழுதிய குறிப்பைப் படித்துப் பார்த்தேன். 1886: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பிறந்தார். 1930: முதலாவது உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டியில் உருகுவே வென்றது. 1966: உலகக் கோப்பையை இங்கிலாந்து வென்றது. மூன்றும் உண்மையான தகவல்கள். முத்துலட்சுமி அம்மையாரை எந்தப் பள்ளியிலும் நினைவுகூரத்தான் வேண்டும். ஆனால் 1936 அந்தத் தாளில் இல்லை. அந்த ஆண்டு ஜூலை 30 அன்று, இதே புதுச்சேரியில், எட்டு மணி நேர வேலையும் சங்கம் வைக்கும் உரிமையும் கேட்டுப் போராடிய சவானா பஞ்சாலைத் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சுக் காவல் படை துப்பாக்கிச் சூடு நடத்தியதில் பன்னிரண்டு பேர் உயிரிழந்தார்கள். வ. சுப்பையா முன்னின்று வளர்த்த அந்தப் போராட்டத்தின் விளைவாக, அடுத்த ஆண்டே பிரெஞ்சிந்தியாவில் எட்டு மணி நேர வேலையும் தொழிற்சங்க உரிமையும் சட்டமாயின. அதே 1936 கோடையில்தான் பிரான்சில் மக்கள் முன்னணி அரசு பதவியேற்று, அந்நாட்டுத் தொழிலாளர்களுக்கு வாரத்துக்கு நாற்பது மணி நேர வேலையை உறுதி செய்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால், பாரிசில் கிடைத்த உரிமையைப் புதுச்சேரியில் கேட்டவர்களுக்கு ஏன் குண்டு கிடைத்தது என்ற கேள்வி பிள்ளைகள் மனத்தில் தானாகவே எழும். ஆலைத் தொழிலாளிகளின் பேரப்பிள்ளைகள் நிறைந்த ஊரில் அந்தக் கேள்வி எழாமல் போவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இணையத்தில் கிடைக்கும் நாள் பட்டியல்கள் எங்கோ யாரோ தொகுத்தவை. நம் ஊர் அவற்றில் இல்லாதது வியப்பில்லை. ஆனால் என் கவலை அந்த ஒன்றோடு நிற்கவில்லை. ஒரே நாளில் நடந்தவை என்று நான்கைந்து நிகழ்ச்சிகளை அடுக்கிச் சொல்லும்போது, அவற்றுக்கிடையே உறவு உண்டா இல்லையா என்று யாரும் கேட்பதில்லை. சில தற்செயலாக ஒரே தேதியில் விழுந்தவை. சில வேண்டுமென்றே அந்தத் தேதியில் வைக்கப்பட்டவை. மிகச் சில, ஒன்றின் போக்கை மற்றொன்று மாற்றியவை. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் விட்டால் மாணவருக்குத் தேதி மட்டுமே மிஞ்சுகிறது.

நவம்பர் 1ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு அது விடுதலை நாள். 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடிய 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தார்கள். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. மொழிவழி மாநிலச் சீரமைப்பு நடைமுறைக்கு வந்ததும் 1956இல் இதே நாளில்தான். கேரளம் பிறந்ததும், கன்னியாகுமரி சென்னை மாநிலத்தோடு சேர்ந்ததும், தெலுங்கு, கன்னட நிலங்கள் ஒன்றிணைந்ததும் அன்றுதான். மாகேயைச் சுற்றிலும் கேரளம் பிறந்த நாளையும், ஏனாமைச் சுற்றிலும் ஆந்திரப் பிரதேசம் உருவான நாளையும் கொண்டாடும்போது, அந்த இரு ஊர்களும் நம்மோடு சேர்ந்து விடுதலை நாளைக் கொண்டாடுகின்றன. இது தேதிகளின் தற்செயல் பொருத்தம். சுவையான பொருத்தம்தான், ஆனாலும் தற்செயல்.

தற்செயலாகத் தொடங்கி அவ்வாறே முடியாமற்போன இன்னொரு நிகழ்ச்சியும் அந்த நாளுக்கு உண்டு. புதுச்சேரியில் நிர்வாகம் கைமாறிய அதே 1954 நவம்பர் 1 அன்று, சகல புனிதர் திருநாளின் நள்ளிரவு கடந்த பொழுதில், அல்ஜீரியாவில் பல இடங்களில் ஒரே நேரத்தில் தாக்குதல்கள் நடந்தன. பிரான்சுக்கு எதிரான அல்ஜீரிய விடுதலைப் போர் அன்று தொடங்கியது. அந்த ஆண்டு மே மாதத்தில்தான் வியட்நாமின் தியன் பியன் பூவில் பிரெஞ்சுப் படை வீழ்ந்து, ஜூலையில் ஜெனீவாவில் இந்தோசீனப் போர் முடிவுக்கு வந்திருந்தது. ஆசியாவில் போரால் பட்ட அடிக்குப் பிறகே பிரெஞ்சுப் பிரதமர் மெந்தேஸ் பிரான்ஸ் தலைமையிலான அரசு புதுச்சேரியைப் பேச்சுவார்த்தை மூலம் விட்டுக்கொடுக்க முன்வந்தது. ஆனால் அல்ஜீரியாவைப் பிரான்சின் ஒரு பகுதியாகவே கருதிய அரசியல்வாதிகளுக்கு, புதுச்சேரி விட்டுக்கொடுக்கப்படுவது ஆபத்தான முன்மாதிரியாகத் தோன்றியது. 1956 மே 28 அன்று கையெழுத்தான உரிமை மாற்ற ஒப்பந்தம், பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் ஒப்புதல் கிடைக்காமல் ஆண்டுக்கணக்கில் கிடந்ததற்கு இதுவே முதன்மைக் காரணம். 1962 ஜூலையில் அல்ஜீரியா விடுதலை பெற்ற பிறகுதான் ஒப்புதல் வந்தது. ஆகஸ்டு 16 அன்று ஏற்பு ஆவணங்கள் பரிமாறிக்கொள்ளப்பட்டுப் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தது. கீழூர் நினைவிடத்தில் ஆகஸ்டு 16 அன்று கொடியேற்றும்போது, நம் சட்டப்பூர்வ இணைப்பு எட்டாண்டுகள் தள்ளிப்போனதற்கு வட ஆப்பிரிக்காவில் நடந்த ஒரு போர் காரணம் என்பதை எத்தனை மாணவர் அறிவார்?

இது நம்மை விட்டு விலகிய வெளிநாட்டுச் செய்தியும் அன்று. நம் ஊரில் 'சொல்தா' (பிரெஞ்சுப் படைவீரர்) குடும்பம் என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும். அந்தக் குடும்பங்களின் பெரியவர்கள் பிரெஞ்சுப் படையில் இந்தோசீனாவிலும் அல்ஜீரியாவிலும் பணியாற்றியிருக்கிறார்கள். 1962 ஆகஸ்டு 16இலிருந்து ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ளலாம் என்று ஒப்பந்தம் அளித்த வாய்ப்பைப் பயன்படுத்திக்கொண்ட குடும்பங்களும் உண்டு. ஒரு வகுப்பில் ஒரு பிள்ளையின் தாத்தா ஏன் பிரெஞ்சு ஓய்வூதியம் வாங்குகிறார், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் தாத்தா ஏன் விடுதலைப் போராட்டத் தியாகி ஓய்வூதியம் பெற்றார் என்பதற்கான விடையின் பெரும்பகுதி அந்த ஒரே நவம்பர் 1இல் அடங்கியிருக்கிறது.

வேண்டுமென்றே தேர்ந்த நாளுக்கு ஜனவரி 26 எல்லோரும் அறிந்த சான்று. 1930இல் முழு விடுதலை உறுதிமொழி ஏற்ற நாள் என்பதால் 1950இல் அரசியலமைப்பு நடைமுறைக்கு வர அதைத் தேர்ந்தார்கள். ஆகஸ்டு 15ஐ மவுண்ட்பேட்டன் தேர்ந்ததற்கு, 1945இல் ஜப்பான் சரணடைந்த நாள் என்பதே காரணம். அது ஸ்ரீ அரவிந்தரின் எழுபத்தைந்தாவது பிறந்த நாளாகவும் அமைந்தது யாரும் திட்டமிடாதது. ஆகஸ்டு 15 குறிப்பை வாசிக்கும் மாணவர் இந்த மூன்றையும் இந்த வேறுபாட்டோடு சொன்னால் போதும்.

தேதியே ஏமாற்றும் இடமும் ஒன்று உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர் கையிலிருந்த புதுச்சேரிக்கும், ஆங்கிலேயர் கையிலிருந்த கடலூர் தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டைக்கும் இடைத்தொலைவு 20 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். ஆயினும் 1752 வரை இரண்டு இடங்களிலும் ஒரே நாளுக்கு வேறு வேறு தேதி இருந்தது. ஆங்கிலேயர் பழைய ஜூலியன் நாட்காட்டியையும், பிரெஞ்சுக்காரர் கிரிகோரியன் நாட்காட்டியையும் பின்பற்றியதால் பதினொரு நாள் இடைவெளி விழுந்தது. 1746இல் பிரெஞ்சுக் கப்பற்படைத் தலைவர் லபூர்தொனே சென்னையைக் கைப்பற்றிய நாள் ஆங்கிலேயர் கணக்கில் செப்டம்பர் 10. புதுச்சேரிக் கணக்கில் செப்டம்பர் 21. அந்தக் காலத்தை நாள்தோறும் எழுதிவைத்த ஆனந்தரங்கப் பிள்ளை, தமிழ் ஆண்டு, மாதம், தேதி, கிழமை இவற்றோடு ஐரோப்பியத் தேதியையும் குறித்தார். அவருடைய கணக்கில் அது அட்சய ஆண்டுப் புரட்டாசி. ஆங்கில நூலொன்றையும் பிரெஞ்சு நூலொன்றையும் வைத்துக்கொண்டு அந்தக் காலத்துக்கு நாள் பட்டியல் தயாரிப்பவர் ஒரே நிகழ்ச்சியை இரண்டு நாளில் எழுத நேரிடும். மேல்வகுப்பு மாணவரிடம் இதைக் கொடுத்துக் கண்டுபிடிக்கச் சொன்னால் அவர்கள் ஆர்வத்தோடு செய்வார்கள்.

ஆகவே உங்களிடம் நான் வேண்டுவது இதுதான். நாளொன்றுக்கு ஐந்து செய்தி வேண்டாம். ஒன்றோ இரண்டோ போதும். அவற்றுள் நம் நான்கு பகுதிகளில் ஒன்றைத் தொட்டது கிடைக்கும் நாளில் அதற்கு முதலிடம் கொடுங்கள். ஜூலை 16 அன்று அப்பல்லோ 11 புறப்பட்டதைச் சொல்லும் முன், 1954இல் அதே நாளில் ஐ. கே. குமரன் தலைமையிலான மாகே விடுதலை இயக்கத்தின் அழுத்தத்தால் பிரெஞ்சு நிர்வாகி மாகேயை விட்டு வெளியேறியதைச் சொல்லுங்கள். ஜூன் 13 ஏனாம் விடுதலைக்கு உரியது. பள்ளி திறக்கும் பரபரப்பில் அது தவறிவிடுகிறது. ஏப்ரல் 29 அன்று பாவேந்தர் பாரதிதாசன் பிறந்த நாளை எல்லாப் பள்ளியும் கொண்டாடுகிறது. 1758இல் அதே நாளில் கடலூர்க் கடலில் போகாக்கின் ஆங்கிலக் கப்பற்படையும் தாஷேயின் பிரெஞ்சுக் கப்பற்படையும் மோதின. அடுத்த சில வாரங்களில் புனித டேவிட் கோட்டை பிரெஞ்சுக்காரரிடம் வீழ்ந்தது. இரண்டுக்கும் உறவில்லை, தற்செயல்தான் என்று வாசிக்கும் மாணவரே ஒரு வாக்கியத்தில் சொல்லட்டும்.

கையெழுத்தில் உள்ள குறிப்பை முந்தைய நாளே வாங்கிப் பார்த்து, ஆண்டும் பெயரும் சரியா என்று ஒருமுறை நூலக நூலோடு ஒப்பிட்டுத் தர ஒரு வரலாற்று ஆசிரியரை அமர்த்தினால் போதும். இதற்கெனத் தனி நிதியோ ஆணையோ தேவையில்லை. வருகிற நவம்பர் 1 விடுமுறை நாள் என்பதால், அதற்கு முந்தைய வேலை நாளின் வழிபாட்டில் கீழூரையும் அல்ஜீரியாவையும் ஒன்றாகச் சொல்லித் தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
முத்தியால்பேட்டையிலிருந்து ஒரு பெற்றோர்