பாரிஸும் கோலாலம்பூரும் ஒரே அளவா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பெரிய நகரங்களின் வரைபடங்களைக் கைப்பேசியிலிருந்து வெட்டியெடுத்து, பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, "நம்ம கேஎல் (கோலாலம்பூர்) எவ்வளவு சின்னது பாருங்க" என்று புலனத்தில் (வாட்ஸ்அப்) சுற்றுக்கு விடுகிறார்கள். பிள்ளைகளும் அதை அப்படியே நம்பிவிடுகிறார்கள். அந்தப் படங்கள் தவறானவை என்று உங்கள் நாளிதழ் வழியாகச் சொல்ல வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பாரிஸையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே சூமில் வைத்துப் பார்த்தால் பாரிஸ் மாநகரமும் நம் கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசமும் கிட்டத்தட்ட ஒரே பரப்பில் தெரியும். ஆனால் கோலாலம்பூர் 243 சதுர கிலோமீட்டர், பாரிஸ் வெறும் 105, நம்மில் பாதிகூட இல்லை! காரணம் மெர்கேட்டர் என்பவர் 1569-இல் கடலோடிகளுக்காக வகுத்த வரைபட முறை. திசையும் கோணமும் மாறாமல் இருப்பதால் கப்பலுக்கும் நல்லது, இன்று தெருமுனையில் எந்தப் பக்கம் திரும்புவது என்று பார்க்கவும் நல்லது, அதனால்தான் கைப்பேசி வரைபடங்களும் பெரும்பாலும் அதையே பின்பற்றுகின்றன. ஆனால் பூமத்திய ரேகையை விட்டு விலக விலக எல்லாம் ஊதிக்கொண்டே போகும். 60 பாகை அட்சரேகையில் நீளம் இரண்டு மடங்கு, பரப்பு நான்கு மடங்கு. நாம் 3 பாகையில் இருப்பதால் நமக்கு ஊதலே இல்லை என்று சொல்லலாம், சென்னைக்குக்கூட 5 விழுக்காடுதான். லண்டன் பெரிய நகரம்தான், 1,572 சதுர கிலோமீட்டர், நம்மைப்போல் ஆறரை மடங்கு. வரைபடத்திலோ பதினாறு மடங்குக்கு மேல் தெரிகிறது.

அப்புறம் எல்லை விஷயம். இது ஊதலைவிடப் பெரிய குழப்பம் என்பது என் எண்ணம். 1974-இல் சிலாங்கூர் மாநிலத்திலிருந்து பிரித்து வரைந்த எல்லைக்குள் இருப்பது மட்டும்தான் அந்த 243. பத்துமலையே அதற்கு வெளியே சிலாங்கூரில் இருக்கிறது, பெட்டாலிங் ஜெயாவும் அப்படித்தான், ஆனால் வெளியூர்க்காரரிடம் நாம் எல்லாவற்றையும் கேஎல் என்றுதானே சொல்கிறோம்? சென்னை மாநகராட்சி 2011-இல் பக்கத்து ஊர்களைச் சேர்த்துக்கொண்டு ஏறக்குறைய 175-இலிருந்து 426 சதுர கிலோமீட்டர் ஆனது, அதற்காக ஒரே நாளில் ஊர் வளர்ந்துவிட்டதா? சீனாவின் சொங்சிங் மாநகரம் 82,000 சதுர கிலோமீட்டருக்கு மேல், அதில் பெரும்பகுதி மலையும் வயலும்.

ஆகவே நகரங்களை ஒப்பிட்டுச் செய்தியோ படமோ வெளியிடும்போது எல்லாவற்றையும் ஒரே அளவுகோலில் வரைந்து, சதுர கிலோமீட்டரையும் அது எந்த எல்லைக்கான கணக்கு என்பதையும் கீழே போட்டுவிடுங்கள். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: கைப்பேசி வரைபடத்தின் ஓரத்தில் இருக்கும் அளவுக் கோட்டைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். ஒரே சூமில் கோலாலம்பூரில் 10 கிலோமீட்டரைக் காட்டும் நீளம், பாரிஸில் ஆறரை கிலோமீட்டர்தான் காட்டும். ஐந்து நிமிட வேலை, கணிதப் பாடத்திலேயே செய்துவிடலாம்.

இப்படிக்கு,
வாசகர், செந்தூல், கோலாலம்பூர்