அம்மாவைப் பார்த்துக்கொண்ட அனைவருக்கும் நன்றி

அம்மாவின் காரியம் முடிந்து உறவினர்கள் ஊர் திரும்பிவிட்டார்கள். இனியும் தள்ளிப்போடாமல் நன்றி சொல்லிவிட வேண்டும்.

முதலில், வீடு தேடி வந்து மருத்துவம் பார்க்கும் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் தன்னார்வலர் அக்காவுக்கு. சர்க்கரையும் பிரஷரும் பார்த்து மாத்திரை கொடுக்க வந்தவர்தான், "பாட்டி கேட்டதையே திரும்பத் திரும்பக் கேக்கறாங்களே, டாக்டர்கிட்ட காட்டுனீங்களா?" என்றார். அதன் பிறகுதான் அம்மாவுக்கு வந்திருப்பது டிமென்ஷியா என்னும் மறதி நோய் என்று தெரிந்தது. பின்னாளில் வந்த இயன்முறை மருத்துவரும், படுக்கைப்புண்ணைக் கழுவிக் கட்டக் கற்றுக்கொடுத்த செவிலியரும் 2021-ல் தொடங்கிய அதே திட்டத்தின் வழியாக வந்தவர்களே. அப்படி ஒரு திட்டம் இல்லாவிட்டால் இவர்கள் எங்கள் வாசலுக்கு வந்திருக்கவே முடியாது.

அடுத்து, தபால்காரர் தம்பிக்கு. அப்பாவின் குடும்ப ஓய்வூதியத்துக்கு ஆண்டுதோறும் நேர்காணல் உண்டு. தபால்காரரே வீடு தேடி வந்து உயிர்வாழ் சான்று பதிவு செய்யலாம், கட்டணம் 70 ரூபாய் என்று அரசு மாற்றியது எவ்வளவு பெரிய உதவி! ஆனால் ரேகை பதிக்க விரலைத் தர மாட்டேன் என்று அம்மா கையை மூடிக்கொள்வார். தம்பி அவசரப்படுத்தாமல் திண்ணையில் உட்கார்ந்து, அந்தக் கால மணியார்டர் பற்றிப் பேசிக்கொண்டே, அம்மா தானாகக் கை நீட்டும்வரை காத்திருப்பார். அந்தப் பொறுமைக்குக் கட்டணம் ஏது?

எதிர்வீட்டு அத்தைக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. 70 வயது கடந்தோருக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் காப்பீடு என்று 2024-ல் மத்திய அரசு அறிவித்தது. அதுவும் மருத்துவமனையில் படுத்தால்தான். அம்மாவுக்குத் தேவைப்பட்டதோ பகலில் பக்கத்தில் ஒரு ஆள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 குறைபாட்டு வகைகளில் பார்க்கின்சன் என்னும் நடுக்குவாத நோய் இருக்கிறது, டிமென்ஷியா தனியாக இல்லை. இந்த இடைவெளியை எல்லாம் அத்தை தன் சமையலை முடித்துவிட்டு வந்து உட்கார்ந்தே நிரப்பினார். தனியே நடந்து போய்விட்ட அம்மாவை அடையாளம் கண்டு கூட்டிவந்த ஆட்டோ ஸ்டாண்டு அண்ணன்களுக்கும் நன்றி.

கேரள அரசு 2014-லேயே மறதி நோய்க்கென்று தனித் திட்டம் தொடங்கி, பகல்நேரப் பராமரிப்புக்கும் வழி செய்தது. நம் மாவட்டத்துக்கும் ஒரு பகல்நேர மையம் கேட்டு மனு எழுதி வைத்திருக்கிறேன். வரும் திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் கொடுக்கப் போகிறேன். கையெழுத்திட விரும்புகிறவர்கள் அதற்குள் வீட்டுக்கு வாருங்கள். அம்மாவின் வீல்சேரும் ஏர் பெட்டும் நல்ல நிலையில் இருக்கின்றன. தேவைப்படும் குடும்பம் எடுத்துக்கொள்ளலாம்.