பொங்கலன்று நீ சொன்ன 55 கோடி

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதுவது. பொங்கலுக்கு நீ டெல்லி வந்திருந்தபோது, ஆர்.கே. புரத்தில் நம் வீட்டுக் கூடத்தில் எல்லோரும் இலை முன் உட்கார்ந்திருக்கையில், "பாகிஸ்தானுக்கு 55 கோடி வாங்கிக் கொடுத்தவரைச் சுடாமல் என்ன செய்வார்கள்?" என்று காந்தியைப் பற்றிக் கேட்டாய். வந்தவர்கள் முன்னால் உன்னைக் கடிந்துகொள்ள மனம் வரவில்லை. அன்று வாய்மூடி இருந்தது இன்னும் உறுத்துகிறது. இதே பேச்சை வேறு பலரும் பேசக் கேட்பதால் பொதுவிலேயே எழுதுகிறேன்.

பிரிவினையின்போது அரசின் ரொக்கக் கையிருப்பில் பாகிஸ்தானின் பங்கு 75 கோடி ரூபாய் என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. அதில் 20 கோடி முன்பே போய்விட்டது; மீதி 55 கோடியைக் காஷ்மீர்ச் சண்டையைக் காட்டி நம் அரசு நிறுத்தி வைத்தது. ஆக, அது கொடுக்க வேண்டிய பாக்கி. 1948 ஜனவரி 13 அன்று காந்தி உண்ணாவிரதம் தொடங்கினார். அதை ஒட்டித்தான் 15ஆம் தேதி பணத்தை விடுவிக்க அரசு முடிவு செய்தது. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் விரதத்தை முடிக்க அவர் கேட்டவற்றைப் படித்துப் பார்: டெல்லி மெஹ்ரௌலியில் சூஃபி ஞானி குத்புத்தீன் பக்தியார் காக்கியின் தர்காவில் உருஸ் என்ற ஆண்டு விழா வழக்கம்போல் நடக்க வேண்டும், பிடித்துக்கொண்ட மசூதிகளைத் திருப்பித் தர வேண்டும், டெல்லி முஸ்லிம்கள் அச்சமின்றி நடமாட வேண்டும். பணம் அந்தப் பட்டியலிலேயே இல்லை. ஊரில் பொங்கல் பானை பொங்கிய அதே நாள்களில், 78 வயதுக் கிழவர் பட்டினி கிடந்தது தெருவில் வெட்டுப்பட்டுக்கொண்டிருந்த மனிதர்களுக்காக.

இன்னொன்றையும் யோசி. 1934 ஜூன் 25 அன்று, தீண்டாமைக்கு எதிராக அவர் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த காலத்தில், புனாவில் அவருடைய கார் என்று நினைத்து வேறொரு காரின்மேல் குண்டு வீசினார்கள். வீசியவர் யாரென்று கண்டுபிடிக்கப்படவே இல்லை. அன்றைக்குப் பாகிஸ்தானும் இல்லை, 55 கோடியும் இல்லை.

காந்தி சுடப்பட்ட டெல்லி பிர்லா மாளிகை இன்று காந்தி ஸ்மிருதி என்ற நினைவகம். 1948 ஜனவரி 20 அன்று அங்கே கோட்சேயின் கூட்டாளி மதன்லால் பாவா வெடி வைத்துப் பிடிபட்ட பிறகும், பிரார்த்தனைக்கு வருகிறவர்களைச் சோதனையிடக் கூடாது என்று காந்தி மறுத்துவிட்டார். பத்தே நாளில் அவர் கொல்லப்பட்டார். அவருடைய அறையிலிருந்து சுடப்பட்ட இடம்வரை அவர் நடந்த வழியில் சிமென்ட்டில் பாதங்கள் பதித்திருக்கிறார்கள். அவற்றை ஒட்டி நடக்கும்போதெல்லாம் அந்த 30ஆம் தேதி மாலை கண்முன் வரும். படேலுடன் பேச்சு நீண்டு ஐந்து மணிப் பிரார்த்தனைக்கு நேரமாகிவிட்டதால், பேத்தி முறையான ஆபா, மனு தோள்களில் கைபோட்டு வேகமாக வருகிறார். சில அடி பின்னால் அவருடைய செயலாளர், நம் தமிழர் கல்யாணம். கோட்சே குனிந்து வணங்குகிறான். நேரமாயிற்று என்று தடுத்த மனுவை அவன் தள்ள, அந்தப் பெண்ணின் கையிலிருந்த ஜபமாலையும் எச்சில் கிண்ணமும் நோட்டும் மண்ணில் விழுகின்றன. பிறகு மூன்று குண்டுகள்.

சுட்டவனுக்குச் செங்கோட்டையில் விசாரணை நடந்தது. வக்கீல், நீண்ட வாக்குமூலம், மேல்முறையீடு எல்லாம் கிடைத்தன. காந்தியின் மகன்கள் மணிலாலும் ராம்தாசும் அவனைத் தூக்கிலிட வேண்டாம் என்றுகூட மன்றாடினார்கள். காந்தியைக் குற்றவாளி என்று தீர்மானித்தவர்கள் அவரிடம் ஒரு கேள்வி கேட்டார்களா? அன்றாடம் மாலையில் யார் வேண்டுமானாலும் எதிரில் போய் நின்று கேட்கக்கூடிய மனிதராயிற்றே அவர். இதைத்தான், மருமகனே, என்னால் பொறுக்க முடியவில்லை.

மதுரை காந்தி அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பேழைக்குள் இரத்தக்கறை படிந்த துணி ஒன்று இருக்கிறது. சுடப்பட்டபோது அவர் உடுத்தியிருந்தது. 1921 செப்டம்பரில் அதே மதுரையில்தான் அவர் மேலாடையை விட்டு அரையாடைக்கு மாறினார். பள்ளிப் பருவத்தில் உன் அம்மாவும் நானும் அந்தப் பேழை முன் நின்றிருக்கிறோம். என்ன பார்த்தோம் என்று அவளிடம் கேள்.

அடுத்த முறை வரும்போது முதலில் காந்தி ஸ்மிருதி இருக்கும் தீஸ் ஜனவரி மார்க் போவோம். திங்கட்கிழமை மூடியிருக்கும், வேறு நாளாகப் பார்த்து டிக்கெட் போடு.

அன்புடன்,
மாமா