ஆவணக் கமரா வாங்க முன்னர்: வன்னிப் பாடசாலைகளுக்கு உதவும் பழைய மாணவர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

துணுக்காய், முல்லைத்தீவு, மடு என்று எந்த வலயத்துப் பாடசாலைக்கு உதவ நினைத்தாலும் உங்கள் முதற் கேள்வி "என்ன சாமான் வேணும்?" என்பதுதான். அந்தப் பட்டியலில் ஆவணக் கமராவும் (மேசையில் வைத்த தாளையோ பொருளையோ மேலிருந்து படம்பிடித்துத் திரையில் காட்டும் கமரா) இருந்தால், காசு அனுப்ப முன்னர் இதை ஒருக்கால் வாசியுங்கள். எழுதுகிற நாங்கள் அதை வகுப்பில் பொருத்திப் படிப்பிக்கிற ஆசிரியர்கள்.

பாடநூல் பக்கத்தைப் பெருப்பித்துக் காட்டத்தான் இது என்றால் வாங்கவே வேண்டாம். அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த அதே நூல் பிள்ளையின் மேசையில் கிடக்கிறது. இந்தக் கமரா காட்டவேண்டியது ஆசிரியரின் கையை. கரும்பலகையில் பெரிய மரக் கவராயத்தால் வில் வெட்டும்போது வகுப்புக்குத் தெரிவது அவரின் முதுகுதான். தாளில் கீறிக் காட்டினால் கவராய முனை எங்கே குத்தி நிற்கிறது, விரிவு மாறாமல் எப்படிப் பிடிப்பது என்பதெல்லாம் தெரியும். தரம் 1 பிள்ளைக்கு 'ழ' எங்கே தொடங்கி எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதும் அப்படித்தான். செவ்வரத்தம் பூவை நெடுக்காக வெட்டிச் சூலகத்தைத் திறந்தால், கமரா இல்லாத வகுப்பில் முன்வாங்குப் பிள்ளைகள் மட்டுமே பார்ப்பார்கள்.

இனிக் கணக்கு. திரையில் எழுத்து எவ்வளவு உயரம் வேண்டும் என்பதற்கு எங்கள் அளவுகோல், திரையிலிருந்து கடைசி வாங்கின் தூரத்தை 200ஆல் பிரித்து வருவது. 8 மீற்றர் என்றால் திரையில் எழுத்து 4 செ.மீ. உயரம் வேண்டும். 55 அங்குல ரிவியின் திரை ஏறக்குறைய 122 செ.மீ. அகலம். ஏ4 தாளைக் கிடையாக வைத்து 29.7 செ.மீ.யையும் நிரப்பினால் நான்கு மடங்குதான் பெருக்கும். ஆகவே ஆசிரியர் 1 செ.மீ. உயரத்தில், தடித்த பேனையால் எழுதவேண்டும். நூலிலுள்ள 3 மி.மீ. அச்செழுத்து பின்வாங்குக்குக் கோடாகத்தான் தெரியும். வேணியர் இடுக்கிமானியின் நுண்ணிய அளவுக் கோடுகளைக் காட்ட, படத்தின் அகலம் 8 செ.மீ. ஆகும்வரை சூம் பண்ணுங்கள், 1 மி.மீ. இடைவெளி 1.5 செ.மீ. ஆகிவிடும். ஆகவே காசைக் கமராவின் மெகாபிக்சலில் கொட்டாமல் திரையின் அகலத்தில் போடுங்கள். அரைச்சுவர் வகுப்பறையில் புரொஜெக்டரின் படம் பகல் வெளிச்சத்தில் வெளிறிவிடும், ரிவிதான் தாக்குப்பிடிக்கும். அதையும் திறந்த பக்கத்துக்கு நேரெதிரே மாட்டினால் திரையில் முற்றம்தான் தெரியும். பக்கச் சுவரில் மாட்டுங்கள்.

வாங்கும்போது பெட்டியில் கிட்டக் குவியும் தூரத்தை, அதாவது எவ்வளவு கிட்ட வரை படம் தெளிவாக வரும் என்பதைப் பாருங்கள். 10 செ.மீ. அளவில் இருந்தால் நல்லது. முகம் காட்டுவதற்குச் செய்த மலிவு வெப்கமராக்களில் பல கிட்டப்போனால் மங்கிவிடும். கமராவை மடிக்கணினியுடன் இணைக்கும் யூஎஸ்பி 2.0 வயரை 5 மீற்றருக்கு மேல் நீட்டினால் படம் விட்டுவிட்டு வரும். மடிக்கணினியைக் கமராவுக்குப் பக்கத்தில் வைத்து, ரிவிக்குப் போகும் எச்டிஎம்ஐ வயரை நீளமாக எடுங்கள்.

"படம் சரியில்லை" என்று ஒதுக்கிவைத்த கமராக்களில் பெரும்பாலும் பழுதில்லை. படத்தில் கறுப்புப் பட்டை ஊர்ந்தால், செற்றிங்கில் 60 ஹேட்ஸ் இருக்கிறது. எங்கள் மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹேட்ஸ், அதற்கு மாற்றுங்கள். கை அசையும்போதெல்லாம் படம் மங்கித் தெளிந்தால், ஒருமுறை குவியச்செய்துவிட்டுத் தானியங்கிக் குவிப்பை நிறுத்துங்கள். கறுத்த மேசையில் வெள்ளைத் தாள் வைத்தால் கமரா மேசையைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டும், பென்சில் கோடு காணாமற்போகும். தாளுக்கடியில் சாம்பல்நிற மட்டை விரிக்கப் போதும். வழவழப்பான படத்தில் வெள்ளைத் திட்டு விழுந்தால் கமராவின் லைற்றை அணைத்து, பக்கத்திலிருந்து சரிவாக வெளிச்சம் கொடுங்கள். தாள் தலைகீழாகத் தெரிந்தால் படத்தை 180 பாகை திருப்புங்கள்; தாளைத் திருப்பி வைத்து எழுதப் பழகவேண்டாம்.

அளவுச்சாடிக்கு மட்டும் வேறு விதி. மேலிருந்து பார்த்தால் பிறையுரு (நீரின் வளைந்த மேற்பரப்பு) தெரியாது, சரிவாகப் பார்த்தால் வாசிப்பு பிழைக்கும். கமராவின் கழுத்தை மடக்கி நீர்மட்ட உயரத்துக்கு இறக்கவேண்டும். கழுத்து அப்படி மடங்காத மாதிரிகள் விஞ்ஞான அறைக்கு உதவாது.

தூசியும் குளவியும் இங்கே சேர்ந்தே வரும். விடுமுறையில் வேட்டைக்குளவி வயர் செருகும் துளையிலேயே மண் வைத்து அடைத்துவிடும். கமராவின் வில்லைக்குத் தொப்பி மூடியும் முழுவதையும் போட்டுவைக்கத் துணிப்பையும் சேர்த்தே அனுப்புங்கள்.

காசு குறைவென்றால் பழைய கைத்தொலைபேசியும் ஒரு தாங்கியும் போதும், 30 முதல் 35 செ.மீ. உயரத்தில். ஆனால் மத்தியானம் தகரக் கூரையின் கீழ் சார்ஜ் போட்டபடி ஓடினால் சூடேறி நின்றுவிடும். காலைப் பாடங்களுக்கே வையுங்கள்.

அனுப்ப முன்னர் அதிபரிடம் மூன்று விசயம் கேளுங்கள். கடைசி வாங்கு எத்தனை மீற்றரில் இருக்கிறது? ரிவியில் எச்டிஎம்ஐ துளை உண்டா? கமரா எந்த அலுமாரியில் இருக்கும், அதன் திறப்பு யாரிடம்? மூன்றாவதற்கு "அலுவலகத்தில்" என்று பதில் வந்தால், திறப்பின் பிரதி ஒன்றை அந்த வகுப்பாசிரியருக்கும் கொடுக்க ஒப்புக்கொள்ளும்வரை காசைப் பிடித்துவையுங்கள்.

இப்படிக்கு,
வன்னி வகுப்பறைகளிலிருந்து சில ஆசிரியர்கள்