பீரோவுக்குப் போகாத ஒரு நாவல்: டெல்டா வாசகர் வட்டங்களுக்கு ஒரு திறந்த மடல்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் நூலக வாசகர் வட்டத்தாருக்கு,

வணக்கம்.

சென்ற ஆண்டு எங்கள் ஊர் நூலகத்துக்கு நான்கு பேர் வந்தார்கள். ஒரு நாவலில் தங்கள் சாதிப் பெண்களை இழிவாக எழுதியிருக்கிறதாம், உடனே எடுத்துவிட வேண்டுமாம். நூலகர் அம்மா அவர்களை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். "எந்தப் பக்கம், என்ன வரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், மேலே அனுப்பிவைக்கிறேன். பதில் வரும்வரை புத்தகம் அலமாரியில்தான் இருக்கும்" என்றார். நால்வரில் ஒருவரும் அதைப் படித்திருக்கவில்லை. பக்க எண்ணுக்கு எங்கே போவார்கள்?

அடுத்த வாரம் வந்தவர்தான் எனக்கு உறுத்துகிறார். நம் வட்டத்துக்காரர், நிறையப் படித்தவர். "எதற்கம்மா வீண் வம்பு? பீரோவில் வைத்துப் பூட்டிவிடுங்களேன்" என்றார், நல்ல எண்ணத்தோடுதான். பக்கத்தில் நின்றிருந்த நான் வாய் திறக்கவில்லை. அந்த வெட்கம்தான், எதிர்ப்பு வந்தாலும் புத்தகத்தை அகற்றாத நூலகர்களுக்கு நாம் மரியாதை செய்ய வேண்டும் என்று இந்த மடலை எழுதவைக்கிறது.

அந்த அம்மா பூட்டவில்லை. பிறகு யாராவது அதை எடுத்துப் படித்தார்களா என்று ஆவலில் கேட்டேன். "படித்தார்கள். யார் என்று மட்டும் கேட்காதீர்கள்" என்றார்.

1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை நாம் மறக்கவில்லை. கோடியக்கரையில் நின்றால் கடலுக்கு அப்பால் அந்தக் கரைதான். ஆனால் நம் பக்கம் நூல்கள் தீயில்தான் போக வேண்டும் என்பதில்லை. பழைய ஏடுகளை ஆடிப்பெருக்கில் பக்தியோடு ஆற்றில் விட்டவர்கள் நம் முன்னோர். உத்தமதானபுரத்துக்காரரான உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராக ஏடு தேடி அலைந்த கதை நமக்குத் தெரிந்ததுதான். இன்று ஆற்றுக்குப் பதில் பீரோ இருக்கிறது. நல்ல நிலையில் இருக்கும் புத்தகத்தைச் 'சிதைந்தது' என்று பட்டியலில் ஏற்றிக் கழித்துவிடலாம். 'இரவலில் போயிருக்கிறது' என்று ஆண்டுக்கணக்கில் சொல்லிக்கொண்டே இருக்கலாம். சத்தமில்லாமல் காரியம் முடிந்துவிடும். அதைத் தடுப்பவரும் சத்தமில்லாமல்தான் தடுக்கிறார், அதனால் அவர் யார் கண்ணிலும் படுவதில்லை.

நல்ல நூலகர்களுக்கு அரசு, நூலகவியல் அறிஞர் சீர்காழி அரங்கநாதன் பெயரில் விருது தருகிறது. இத்தனை உறுப்பினர் சேர்த்தார், இத்தனை புரவலர் சேர்த்தார் என்று பாராட்டுகிறோம். அது தேவையான வேலைதான். ஆனால் ஒரு புத்தகத்தை இருந்த இடத்திலேயே இருக்கவிட்டதை எந்தப் பதிவேட்டில் எழுதுவது? அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் நூலகவியல் பள்ளி, நூலகர் ராபர்ட் டவுன்ஸ் பெயரில் 1969 முதல், படிக்கும் சுதந்திரத்தைக் காப்பவர்களுக்கென்றே ஒரு விருது வைத்திருக்கிறது. அங்கே பள்ளி நூலகத்திலிருந்து புத்தகங்களை எடுத்த வழக்கு 1982இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. நம் ஊர் வழக்குகள் டீக்கடையைத் தாண்டுவதில்லை. ஆகவே இப்படிப் புத்தகத்தைக் காத்த நூலகர்களை நாம்தான் தேடிக் கண்டுபிடித்து மரியாதை செய்ய வேண்டும்.

இதற்கு அரசாணை வேண்டாம். 1931இல், அரங்கநாதன் 'ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர்' என்று தம் நூலகவியல் ஐந்து விதிகளில் எழுதிய அதே ஆண்டில், மன்னார்குடிப் பக்கம் கனகசபை பிள்ளை மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிக் கிராமங்களுக்கு அனுப்பினார். நூலகச் சட்டம் வந்தது 1948இல்தான். அவர் அதற்காகக் காத்திருக்கவில்லை. வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிற நாம் ஏன் காத்திருக்க வேண்டும்? ஆடிப்பெருக்கு கழிந்து பத்து நாளில், ஆகஸ்ட் 12 அன்று, அரங்கநாதன் பிறந்தநாள் விழாவை எப்படியும் நடத்துகிறோம். அன்றே இதையும் செய்யலாம்.

பொன்னாடை வேண்டாம். நூலகத்துக்கு வேண்டிய நூல்களை அந்த நூலகரே சொல்லட்டும், வட்டத்துப் பணத்தில் வாங்கிக் கொடுப்போம். முக்கியமாக, முதலில் அவர் சம்மதத்தைக் கேளுங்கள். நாம் ஃபிளெக்ஸ் அடித்துக் கொண்டாடிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவோம்; மாறுதல் உத்தரவு அவருக்கல்லவா வரும்? பணி ஓய்வு வரை பொறுக்கச் சொன்னால் பொறுப்போம்.

கிழிந்ததைக் கழிப்பதும் சிறுவர் பகுதியைத் தனியாக வைப்பதும் தணிக்கை ஆகாது. அதில் குழப்பம் வேண்டாம். ஆனால் இன்னொன்றைப் பாருங்கள். பகுத்தறிவு நூலுக்காக நின்றவர், பக்தி நூலை எடுக்கச் சொன்னபோதும் நின்றாரா? நமக்குப் பிடித்த புத்தகத்துக்கு மட்டும் காவல் நின்றவருக்கு இந்த மரியாதை வேண்டியதில்லை. இப்படிப் பார்த்தால் நம்மில் பலரும் தேற மாட்டோம், நான் உட்பட.

ஆடி பிறப்பதற்குள் ஒவ்வொரு வட்டமும் கூடிப் பேசி, தெரிந்த பெயர்களைத் திரட்டி வையுங்கள். எங்கள் வட்டத்தில் அந்த அம்மாவின் பெயரை முன்மொழிய இருக்கிறேன். அவரிடம் கேட்டுவிட்டேன். சரி என்றார், ஒரே ஒரு நிபந்தனையோடு: நாவலின் பெயரை எங்கும் எழுதக் கூடாது, எழுதினால் மறுபடி நான்கு பேர் வருவார்களாம்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்