பவுன்ஸ் ரேட்டைக் கண்டு பதற வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணையதளம் வைத்திருக்கும் சிறு வணிகர்கள் பலர், பவுன்ஸ் ரேட் (தளத்துக்கு வந்து, மேற்கொண்டு ஈடுபாடு காட்டாமல் வெளியேறும் வருகைகளின் விழுக்காடு) உயர்ந்தாலே தளம் தோற்றுவிட்டதாகக் கலங்குகிறார்கள். தள வருகைகளைக் கணக்கிடும் கருவியான கூகுள் அனலிட்டிக்ஸின் பழைய பதிப்பில், ஒரு பக்கத்தை மட்டும் பார்த்து வெளியேறியவர் எவ்வளவு நேரம் படித்திருந்தாலும் அந்தக் கணக்கில் சேர்ந்தார். 2023 ஜூலையில் அதன் இடத்துக்கு வந்த நான்காம் பதிப்போ, வருகை 10 விநாடிக்கு மேல் நீடித்தாலோ, இரண்டு பக்கங்களாவது பார்க்கப்பட்டாலோ, உரிமையாளர் முக்கியமெனக் குறித்த செயல் நடந்தாலோ அதை ஈடுபாடுள்ள வருகையாகக் கொண்டு, எஞ்சியவற்றின் விழுக்காட்டையே பவுன்ஸ் ரேட் என்கிறது. இரு பதிப்புகளின் எண்களை ஒப்பிட்டு, குறைந்துவிட்டது என்று மகிழ்வதில் பொருளில்லை.

மருந்துக் கடையின் தொலைபேசி எண்ணைத் தேடி வந்தவர், அது கிடைத்ததும் போய்விடுவது குறையன்று. அந்த எண்ணைத் தொடுவதையே முக்கியச் செயலாகக் குறித்துவிடலாம். தளம் முழுவதற்குமான ஒரே பவுன்ஸ் ரேட்டை விடுத்து, வாசகர் முதலில் இறங்கும் பக்கம், பயன்படுத்தும் கருவி எனப் பிரித்துப் பார்த்தால் உண்மையான பழுது தெரியவரும். பெரும்பாலும் அது எடை மிகுந்த படங்களிலும், படிக்கத் தொடங்குமுன் திரையை மறைக்கும் (எரிச்சலூட்டும்) விளம்பரத்திலும், தலைப்புக்குப் பொருந்தாத உள்ளடக்கத்திலும் இருக்கிறது. பக்கத்தின் முதன்மைப் பகுதி 2.5 விநாடிக்குள் தோன்ற வேண்டும் என்பது கூகுள் வகுத்துள்ள அளவு; தளம் வடிவமைப்பவரிடம் பணம் கொடுக்குமுன் இதைக் கைப்பேசியில் சோதித்துக் காட்டச் சொல்லலாம்.

இப்படிக்கு,
வாசகர்